புனிதரின் நாளை யார் குறிக்கிறார்கள்?

பதுவை அந்தோணியார் இறந்தது 1231 ஜூன் 13. கத்தோலிக்கத் திருஅவையின் பொது நாள்காட்டியில் அவருடைய நினைவு அதே தேதியில்தான் வருகிறது. நெல்லைச் சீமையின் உவரியில் அவருக்குப் பெருந்திருவிழாக் கொடி ஏறுவதோ தை மாதத்தை ஒட்டி. பதின்மூன்று நாள் நடக்கும். தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டியிலும் அப்படியே. கச்சத்தீவில் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ இரண்டு நாள் திருவிழா. கொழும்பு கொச்சிக்கடையில் மட்டும் பிசகாமல் ஜூன் 13. ஜனவரி 17 என்று நாள்காட்டி குறிக்கும் வனத்து அந்தோணியார் வேறு ஒருவர், எகிப்துப் பாலைவனத்துத் துறவி. நான் சொல்வது கோடி அற்புதர் என்று நம் மக்கள் அழைக்கும் ஒரே அந்தோணியாரைப் பற்றி.

இந்த வேறுபாட்டுக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகக் கிடைக்கும். வழிபாட்டு ஒழுங்கைப் பேசும் குருக்களில் சிலர், ஜூன் 13 திருப்பலிதான் உண்மையான விழா, மற்றது ஊர் வழக்கம், பொறுத்துக்கொள்ள வேண்டியது என்பார்கள். நாட்டார் வழக்காறு பேசுவோரில் சிலர், கோயில் கொடைதான் சிலுவை அணிந்து நிற்கிறது என்பார்கள். இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன: புனிதரின் நாள் உரோமையில் பிறந்து ஊருக்கு வந்தது, வந்த இடத்தில் திரிந்தது. வரலாறு இதற்கு நேர்மாறானது. புனிதரின் நாள் முதலில் ஊரில்தான் பிறந்தது. உரோமை பல நூற்றாண்டுகள் கழித்து அதை எழுதிவைத்தது, அளந்தது, சில சமயம் வெட்டியது.

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று சிமிர்னாவிலிருந்து வருகிறது, இன்றைய துருக்கியின் இஸ்மீர். அங்கே ஆயராக இருந்த பொலிகார்ப்பு, முதியவர், கி.பி. 155ஐ ஒட்டி எரித்துக் கொல்லப்பட்டார். அந்தச் சபையார் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. சாம்பலிலிருந்து எலும்புகளைப் பொறுக்கி எடுத்துத் தகுந்த இடத்தில் வைத்ததையும், ஆண்டுதோறும் அங்கே கூடி அவருடைய சாட்சிய மரணத்தைப் பிறந்தநாளாகக் கொண்டாடப் போவதையும் அது தெரிவிக்கிறது. இறந்த நாளே விண்ணகத்தில் பிறந்த நாள் என்பது அவர்கள் கணக்கு. எந்தத் திருத்தந்தையிடமும் அவர்கள் அனுமதி கேட்கவில்லை. ஒரு கல்லறை, ஒரு தேதி, அந்தத் தேதியில் அங்கே கூடும் மக்கள்: விழாவுக்கு வேண்டியது இவ்வளவுதான். உரோமையின் மிகப் பழைய பட்டியலும் இப்படித்தான். 354ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றில் உள்ள மறைசாட்சிகள் பட்டியலில் ஒவ்வொரு பெயரோடும் நாளும் அடக்கம் செய்த இடமும் இருக்கின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்த நாளில் நகரத்துக்கு வெளியே எந்தக் கல்லறைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

பாமரரின் மூடநம்பிக்கை மேலே ஏறி வந்து சபையைப் பிடித்துக்கொண்டது என்று இதைச் சுருக்கிவிட முடியாது. பீட்டர் பிரவுன் என்ற வரலாற்றாசிரியர் 1981இல் வெளியிட்ட ‘தி கல்ட் ஆஃப் தி செயின்ட்ஸ்’ நூலில் அந்த வாதத்தை உடைத்துப் போட்டார். கல்லறை வழிபாட்டை வளர்த்ததில் கற்றறிந்த ஆயர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று காட்டினார். ஆயரும் மக்களும் ஒரே கல்லறையில் மண்டியிட்டார்கள். ஊர் என்று நான் சொல்லும்போது அந்த இரு தரப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரத்தம் சிந்தாதவர்களும் பட்டியலுக்குள் வந்தது நான்காம் நூற்றாண்டில். 397இல் இறந்த தூர் நகர மார்ட்டின் இவர்களில் முன்னோடி. அவர் விழா நவம்பர் 11. அது அடக்கம் செய்த நாள், இறந்த நாள் அன்று. இப்படி விலகும் தேதிகள் நிறைய உண்டு. திருமுழுக்கு யோவானுக்கு ஜூன் 24இல் பிறப்பு விழாவும் இருக்கிறது, ஆகஸ்ட் 29இல் தலைவெட்டுண்ட நாளும் இருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலுக்கு 1978இல் பணியேற்ற அக்டோபர் 22. தோமையாருக்கு உரோமை வழிபாட்டில் டிசம்பர் 21 என்று நெடுங்காலம் இருந்தது; 1969 சீர்திருத்தத்தில் ஜூலை 3க்கு மாறியது. அவருடைய திருப்பண்டங்கள் எதெஸ்ஸா நகருக்குக் கொண்டுபோகப்பட்டதைக் கீழைச் சபைகள் நினைவுகூரும் நாள் அது. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் பன்னெடுங்காலமாகத் துக்ரானா என்று கொண்டாடி வந்ததும் அதே நாள்தான். ஊர்களின் நாள் உரோமையின் நாளான கதை இது. மயிலையில் தோமையாரின் கல்லறைமேல் நிற்கும் பேராலயத்தில் ஜூலை 3 கொண்டாடும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

புனிதரை அறிவிக்கும் உரிமையை உரோமை கையில் எடுத்துக்கொண்டது ஏன்? 993இல் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக்கைத் திருத்தந்தை பதினைந்தாம் யோவான் புனிதராக அறிவித்ததுதான் முறைப்படி உரோமை தந்த முதல் பட்டம் என்பார்கள். அதற்கு முன் மறைமாவட்ட ஆயரே அறிவித்துவிடுவார், அல்லது மக்கள் வழக்கமே போதும். அதனால் விளைந்த கேடுகளும் உண்மை. திருப்பண்டம் என்ற பெயரில் எலும்பு வியாபாரம் நடந்தது. பிரான்சில் லியோன் நகருக்கு அருகே கின்னஃபோர்ட் என்ற ஒரு வேட்டை நாய்க்குப் புனிதராகவே வழிபாடு நடந்தது; குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிய நாயை எசமானன் தவறாகக் கொன்றுவிட்டான் என்பது கதை. தாய்மார் நோயுற்ற குழந்தைகளை அங்கே தூக்கிப் போவதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் டொமினிக்கன் துறவி ஸ்டீஃபன் கண்டு எழுதி, அந்த இடத்தை அழிக்கச் செய்தார். அந்தத் தாய்மாரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் யாராவது விசாரித்தாக வேண்டும் என்பதும் புரிகிறது.

இங்கே அந்தோணியார் திரும்ப வருகிறார். அவர் இறந்து ஓர் ஆண்டு நிறையும் முன்பே, 1232 மே 30இல், திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவருக்குப் புனிதர் பட்டம் தந்தார். பதுவை நகரம் கல்லறையில் முண்டியடித்துக்கொண்டிருந்தது. உரோமை அதைப் பின்தொடர்ந்தது. அதே கிரகோரிதான் இரண்டு ஆண்டு கழித்து, 1234இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில், புனிதரை அறிவிக்கும் உரிமை திருத்தந்தைக்கு மட்டுமே என்று நிலைநிறுத்தினார். திரிதெந்து பொதுச்சங்கத்துக்குப் பின் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் நாள்காட்டியைச் சுருக்கியபோது அந்தோணியாரின் பெயரே அதிலிருந்து போனது. ஐந்தாம் சிக்ஸ்துஸ் வந்துதான் திரும்பச் சேர்த்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் பதுவையில் அவர் விழா நின்றுவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் ஊர்களில் செவ்வாய்க்கிழமை அவருக்கு உரிய நாளாக இருப்பதும் இந்த வகைதான். அவரை அடக்கம் செய்த 1231 ஜூன் 17 ஒரு செவ்வாய்க்கிழமை. கல்லறையில் தொடங்கிய அந்தக் கிழமை, எந்தப் பொது நாள்காட்டியிலும் ஏறாமலே, எழுநூற்றுச் சொச்சம் ஆண்டு தாண்டி உவரி மணலில் இன்றும் நிலைத்திருக்கிறது.

1588இல் சிக்ஸ்துஸ் புனிதர் பட்ட வழக்குகளைக் கவனிக்க ஒரு பேராயத்தை ஏற்படுத்தினார். எட்டாம் அர்பன் 1625இலும் 1634இலும் இட்ட ஆணைகள் இன்னும் கடுமையானவை: உரோமையின் ஒப்புதல் இல்லாமல் எவருக்கும் பொது வணக்கம் கூடாது. நூறாண்டுக்கு மேல் தொடரும் பழைய வணக்கங்களுக்கு மட்டும் விலக்கு. புனிதர் ஆவதற்கு எதிராக வாதாடவே ஓர் அதிகாரி இருந்தார். சாத்தானின் வழக்கறிஞர் என்று உலகம் அவரை அழைத்தது. இரண்டாம் யோவான் பவுல் 1983இல் இந்த முறையை மாற்றி எளிமையாக்கினார். தம் காலத்தில் 482 பேரைப் புனிதராக அறிவித்தார். இன்று ஒருவர் இறந்து பொதுவாக ஐந்தாண்டு கழிந்தபின் மறைமாவட்டத்தில் விசாரணை தொடங்கும். இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என்று படிகள். அருளாளராக ஒரு புதுமை வேண்டும், மறைசாட்சிக்கு அது வேண்டியதில்லை. புனிதராக இன்னொரு புதுமை வேண்டும். திருத்தந்தை விரும்பினால் விலக்களிக்கலாம். கண்டியில் 1711 ஜனவரி 16இல் இறந்த ஜோசப் வாஸ் அடிகளாருக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் அப்படி விலக்களித்து, 2015இல் கொழும்புக் காலிமுகத் திடலில் பட்டம் வழங்கினார்.

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிவது தேவசகாயத்தின் வழக்கில். நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23இல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மாவின் அரசு அலுவலர். குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர்ப் படையை நடத்திய, டச்சுக் கம்பெனியைச் சேர்ந்த டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் கைது, பிறகு எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்ற அவமானம். 1752 ஜனவரி 14 இரவு ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கிடைத்த எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். அன்று முதல் மக்கள் அங்கே மெழுகுதிரி ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். புலியூர்க்குறிச்சியில் அவர் முழங்கையால் இடித்து நீர் வரவழைத்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. அந்தத் தண்ணீரை இன்றும் கையில் ஏந்திக் குடிக்கிறார்கள். காற்றாடிமலையில் அவர் விழுந்த நேரம் மணிபோல ஒலித்ததாகச் சொல்லும் மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டிக் கேட்கிறார்கள். நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் கிடைத்தது 2012 டிசம்பர் 2. வத்திக்கானில் புனிதர் பட்டம் 2022 மே 15. இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர்.

சாட்சிய மரணத்துக்கும் பட்டத்துக்கும் நடுவே 270 ஆண்டுகள். அவர் மனைவியோடு குடும்பமாக வாழ்ந்த பொதுநிலையினர்; வழக்கை ஏந்திச் செல்ல ஒரு துறவு சபை அவருக்குப் பின்னால் இல்லை. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4இல் தலைவெட்டுண்ட அருளானந்தர் இயேசு சபைக் குரு. போர்த்துகல் பிரபு குடும்பத்தவர். அவருக்கும் 1853இல் அருளாளர், 1947இல் புனிதர் என்று காலம் பிடித்தது, ஆனாலும் சபையின் காகிதங்களும் கடிதங்களும் அவருக்காகப் பேசின. புனிதர் பட்டியலில் துறவியரும் குருக்களும் மிகுந்து, குடும்பத்தாரும் உழைப்பாளிகளும் குறைந்திருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் முடிவு. புனிதம் துறவு மடங்களில் மட்டும் விளைகிறது என்பதல்ல. ஆவணம் அங்கே சேர்கிறது. நல்லதையும் சொல்ல வேண்டும். அந்த நீண்ட விசாரணை இல்லாமல் போயிருந்தால், அரசியல் பழிக்காகக் கொல்லப்பட்டவர் என்று தேவசகாயத்தைத் தள்ளிவிட நினைத்தவர்களுக்கு விடை கிடைத்திருக்காது. பட்டம் தரும் நேரத்தில் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பின்னொட்டை நீக்கித் தேவசகாயம் என்று மட்டும் அறிவித்ததும் நன்மைதான்.

1969இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நாள்காட்டியை மறுபடி சீர்செய்தார். ஞாயிறும் தவக்காலமும் புனிதர் நாள்களுக்குள் புதைந்து கிடந்தன. அவற்றை மேலே கொண்டுவருவதே நோக்கம், நியாயமான நோக்கம். அக்குவினோ தோமாவின் நாள் மார்ச்சிலிருந்து ஜனவரி 28க்குப் போனது தவக்காலத்தை விட்டு விலகத்தான். பெருவிழா, விழா, நினைவு, விருப்ப நினைவு என்ற தரவரிசையும் வந்தது. கிறிஸ்டோபர் பொது நாள்காட்டியிலிருந்து இறங்கி உள்ளூர் நாள்காட்டிகளுக்குப் போனார். அவருடைய பதக்கத்தை வண்டியில் தொங்கவிட்டிருந்த ஓட்டுநர்கள் உலகமெங்கும் கலங்கினார்கள். புனிதரல்ல என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் கட்டாயம் நினைவுகூர வேண்டியதில்லை என்றே சொன்னார்கள். பலருக்கு அந்த வேறுபாடு போய்ச்சேரவே இல்லை. அதே சீர்திருத்தத்தில் ஆகஸ்ட் 5இன் பெயரும் மாறியது. கோடைநடுவில் உரோமையின் எஸ்குலின் குன்றில் பனி பெய்து ஆலயத்துக்கு இடம் காட்டியது என்ற பழங்கதையை விட்டுவிட்டு, மரியா பேராலய நேர்ந்தளிப்பு என்று வைத்தார்கள். தூத்துக்குடி கடற்கரையில் அந்தப் பனி இன்னும் உருகவில்லை. ஜூலை 26இல் கொடி ஏறும், ஆகஸ்ட் 5இல் பனிமய மாதாவுக்குப் பெருவிழா நடக்கும். குறித்த சில ஆண்டுகளில் தங்கத் தேரும் ஓடும்.

ஊர்த் திருவிழா எப்படி நடக்கிறது என்பதை உள்ளூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொடிப்பட்டத்தை மந்திரித்து ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். கொடிமரத்தில் அது ஏறி விரியும்போது வேட்டு முழங்கும், பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு தெருவோ அன்பியம் என்னும் அக்கம்பக்கக் குழுவோ ஒரு சங்கமோ பொறுப்பேற்கும். செபமாலை, நவநாள், மறையுரை, நற்கருணை ஆசீர். கடைசி இரவு சப்பரமோ தேரோ வீதிக்கு வரும். அது நெருங்கும்போது ஆட்கள் பொட்டலத்தைப் பிரித்து உப்பையும் மிளகையும் அதன்மேல் எறிவார்கள். மறுநாள் காலை தெரு மண்ணில் மிளகு காலில் நெருடும். கோட்டாறு சவேரியார் கோயிலில் டிசம்பர் 3இல் முடியும் பத்து நாள் திருவிழாவில், தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரம் செய்கிறவர்கள் ஈரத்துணியோடு விழுந்து எழுந்து வருவார்கள். 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில், துணைக்கு ஆளில்லாத குறையாகச் சவேரியார் இறந்த நாள் அது. அதற்காக இன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை.

தேதி மாறுவதற்கும் பெரும்பாலும் ஊர் வாழ்க்கையே காரணம். ஜூனில் தென்மேற்குக் காற்று. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. மீனவருக்குக் கையில் காசும் கடலில் அமைதியும் இருக்கும் மாதங்கள் வேறு. கச்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் இல்லாத தீவு, ஒரு சிறு கோயில். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனபோதும் இந்திய மீனவரும் பயணிகளும் பயண ஆவணமோ விசாவோ இன்றி வந்துபோகலாம் என்று எழுதினார்கள். போர்க்காலத்தில் நின்ற திருவிழா 2010இல் மீண்டது. இராமேசுவரத்துப் படகுகளும் யாழ்ப்பாணத்துப் படகுகளும் கரையேறும் அந்த இரண்டு நாளில், வலையறுப்பும் கைதும் கொண்ட ஓர் ஆண்டுக் கசப்பை வைத்துக்கொண்டே இரு கரை மீனவரும் ஒரே சிலுவைப் பாதையில் நடக்கிறார்கள். எந்த வெளியுறவு அமைச்சகமும் இதைச் செய்து காட்டியதில்லை.

ஊர் தன் புனிதரைக் கொண்டாடும் உரிமையை இவ்வளவு தூரம் பேசியபின், அந்த ஊர் என்பது யார் என்று கேட்டாக வேண்டும். இராமநாதபுரம் பகுதிக் கிராமம் ஒன்றில் சந்தியாகப்பர் திருவிழாவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டேவிட் மோஸ், 2012இல் வந்த ‘தி செயின்ட் இன் தி பனியன் ட்ரீ’ நூலில், விழா மரியாதைகள் சாதி வரிசைப்படி பங்கிடப்பட்டதையும் தலித் மக்கள் அதை எதிர்த்ததையும் விரிவாக எழுதியிருக்கிறார். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் சாதிகளைப் பிரிக்கச் சுவர் நின்றது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிக்கப்பட்டது. 2008இல் எறையூரில் கத்தோலிக்கருக்குள்ளேயே மூண்ட சாதி மோதல் காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து இரண்டு பேர் இறந்தார்கள். வரி யாரிடம் வாங்குவது, முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெருவோடு திரும்பும் என்பவை இன்றும் பல பங்குகளில் தீராத வழக்குகள். தேர் நுழையாத தெருக்கள் இன்னும் இருக்கின்றன. ஊரின் திருநாள் என்று சொல்லிக்கொண்டு ஊரில் பாதியை வெளியே நிறுத்துவது, அந்த ஊர் தானே தன் உரிமையைக் கைவிடுவதாகும்.

ஆடம்பரத்தையும் வேட்டுச் செலவையும் பற்றிய குறைகள் எனக்குச் சிறியவை. ஏழை ஊர் ஆண்டில் ஒருநாள் ஒளிர ஆசைப்பட்டால் அதைக் கணக்குப் பார்க்க மனம் வரவில்லை. தெருவை ஒதுக்கும் சாதிக் குறை அப்படியல்ல. தாழ்த்தப்பட்டவரோடு கலந்து பழகியதும் தேவசகாயத்தின்மேல் பகையை வளர்த்தது. பட்டத்தில் அவர் பெயரிலிருந்து சாதியை நீக்க உரோமையால் முடிந்தது. தேர்ப்பாதையை மாற்ற உரோமையால் ஆகாது. திருவிழாக் குழுவால் ஆகும், பங்குத்தந்தையால் ஆகும், வடம் பிடிக்கும் இளைஞர்களால் ஆகும். வருகிற திருவிழாவுக்குக் கொடி ஏறும் முன் கூடும் ஊர்க்கூட்டத்தில், சப்பரம் எல்லாத் தெருவுக்கும் போகும் என்று முதல் தீர்மானமாக எழுதுங்கள்.